நூற்றிருபது கிலோத் தாமரை

பாரிஸில் ரூ காய் தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் சிவமணியிடம் "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்டால், முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே "எஞ்சினியரிங்" என்பார். எத்தனை வருசம் என்று கேட்டால் மட்டும், முருங்கைக்காய் கொழும்பிலிருந்து விமானத்தில் வரும் கதையைத் தொடங்கிவிடுவார்.

அந்த மகள் அஜந்தா படித்தது பேதேஎஸ் என்ற தொழில்நுட்பப் படிப்பு. பள்ளிக்கூடம் முடிந்தபின் இரண்டே வருடம். லிஃப்ட், தானியங்கிக் கதவு, பெட்டிகளை நகர்த்தும் பட்டி என்று மின்சாரத்தால் அசைகிற எதையும் பூட்டவும், ஓட்டவும், நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கவும் சொல்லித்தரும் படிப்பு. பிரெஞ்சுக்காரர் அதற்கு மரியாதையாக வேலை கொடுப்பார்கள். ஆனால் பாரிஸ் தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில் ஐந்து வருடத்துக்குக் குறைந்த எதையும் படிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவத்துக்கு அங்கே இருக்கும் மதிப்பில் பாதி, அந்தப் படிப்பு முடிவதே இல்லை என்பதால் வந்தது.

இந்தப் படிப்பில் ஒரு சிக்கல் இருந்தது. வாரத்தில் பாதி கல்லூரி, மீதி ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை. வேலைக்கு எடுக்க ஒரு பத்ரோன், அதாவது முதலாளி, இல்லாவிட்டால் படிப்பும் இல்லை. லிஃப்ட் கம்பனிகளுக்கெல்லாம் அஜந்தா எழுதினாள். மிக அழகான பிரெஞ்சில் மறுத்தார்கள். கடைசியில் சரி என்றவர் கரிகாலன் ஒருவர்தான். 'பிரமாண்டம் விழா அலங்காரம்' அவருடையது.

கரிகாலனின் தொழில் ஓடியதற்குக் காரணம் உண்டு. 2013இல், பாரிஸில் ஒரு தமிழ்ப்பிள்ளையின் சாமத்தியவீட்டில், அதாவது பூப்புனித நீராட்டு விழாவில், அந்தப் பிள்ளை மண்டபத்துக்குள் நடந்து வருவது குடும்பத்துக்கே இழுக்காகிவிட்டது. முதலில் பல்லக்கு வந்தது. பிறகு குதிரை வண்டி. பிறகு தெர்மக்கோல் மயில். கரிகாலன் தாமரையைக் கொண்டுவந்தார். ஃபைபரில் செய்த ஆறு இளஞ்சிவப்பு இதழ்கள். பிள்ளை நடுவில் நிற்க இதழ்கள் மூடும், தட்டு ஆளுயரத்துக்கு எழும்பும், மேலே போனதும் இதழ்கள் விரியும், புகை வரும், கூரையிலிருந்து ரோசாப்பூ கொட்டும். உள்ளே இருந்த மோட்டார் ஏதோ மூடப்பட்ட கராஜிலிருந்து வந்தது. அதற்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். நிற்கத்தான் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அஜந்தா கேட்டாள்: "அங்கிள், உது எவ்வளவு பாரம் தாங்கும்?"

"பிள்ளை, தாமரையிலை லட்சுமியே நிக்கிறா. தாங்காதோ?"

அதுதான் அவளுடைய இறுதி வருடச் செயல்திட்டமாயிற்று. தட்டின் கீழே பாரம் அளக்கும் உணரி வைத்தாள். தூக்கும் கைகளைக் கணக்குப் பார்த்து நூற்றிருபது கிலோ என்று எல்லை போட்டாள். கூடினால் சிவப்பு விளக்கு எரியும், தட்டு அசையாது. பாரம் குறைந்த பிறகும் தானாக ஓடாது. பொறுப்பானவர் பார்த்து நீலப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். எதுவும் சரிவராவிட்டால் பின்னால் ஒரு கைப்பிடி. இதழ்களைக் கையாலேயே ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.

அவளுடைய ஆசிரியர் பிலிப் இதை ஆளேற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால்தான் செயல்திட்டம் தேர்வாளர்களுக்கு முன் போகும். இல்லாவிட்டால் அந்த வருடம் பேதேஎஸ் இல்லை. ஆனால் தாமரை மற்ற நாட்களில் லொறிக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. விழா நடக்கும்போதுதான் அது தாமரை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரிஸுக்கு வெளியே சார்செல் பக்கத்து மண்டபம் ஒன்றில், தலைவர் ஞானசுந்தரத்தின் மகள் கனிஷ்காவின் சாமத்தியவீட்டுக்கு பிலிப் வந்து சேர்ந்தார்.

ஞானசுந்தரம் 'அனைத்துலகத் தமிழர் பேரவை'யின் தலைவர். அந்தப் பேரவையில் அவரும் லண்டனில் ஒரு செயலாளரும் இருந்தார்கள். செயலாளர் கோபித்துக்கொண்டு போனபின் பேரவை முன்பைவிட ஒற்றுமையாக இயங்கியது.

பிலிப் இரும்பு மூக்கு வைத்த சப்பாத்துடனும் ஒரு டோர்ச்சுடனும் பின்வாசலைத் தேடினார். ஒரு வெள்ளைக்காரரைத் தமிழ் மண்டபத்தில் பின்வாசலால் விடுவதாவது! முன்வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் வைத்தார்கள். சிவமணி ஓடிப்போய், விழாவை நடத்திக்கொண்டிருந்த மரியரட்ணத்தின் காதில் ஏதோ சொன்னார்.

வானொலியில் மரண அறிவித்தலைக்கூட வாழ்த்துப்போல வாசிக்கக்கூடிய குரல் மரியரட்ணத்துடையது. "பாரிஸ் பல்கலைக்கழகத்தின் முதுபெரும் பேராசிரியர், தலைவர் அவர்களின் அழைப்பையேற்று, தன் ஆராய்ச்சிகளையெல்லாம் ஒதுக்கிவைத்து..."

தலைவர் அவரை அதற்குமுன் கண்டதில்லை. இருந்தாலும் கட்டிப்பிடித்தார். பொன்னாடை போர்த்தினார். குத்துவிளக்கில் முதல் திரியை பிலிப் ஏற்றினார். டோர்ச்சை மற்றக் கையில் பிடித்திருந்தார். பிறகு முன்வரிசைச் சோபாவில் இருத்தி, பலகாரத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். "இயந்திரம் எங்கே?" என்று கேட்டபோதெல்லாம் இன்னொரு பயத்தம்பணியாரம் வந்தது.

மேடைக்குப் பின்னால் அஜந்தா தாமரையை இயக்கும் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். கனிஷ்கா தாமரைக்குள் ஏறினாள். சீலை, நகை, சடைநாகம் எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டுக் கிலோ என்று மீட்டர் காட்டியது. நாதஸ்வரம் போட்டார்கள். புகை கிளம்பியது. இதழ்கள் மெல்ல மூடத் தொடங்கின.

அந்த நேரம் பார்த்துத்தான் தமிழ்த் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.

தலைவர் கமராவைக் கண்டார். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். மூடிக்கொண்டிருந்த இரண்டு இதழ்களுக்கு நடுவில் வயிற்றை உள்ளிழுத்துப் புகுந்துவிட்டார்.

இதழ்கள் மூடின. சிவப்பு விளக்கு எரிந்தது. தாமரை மொட்டாகவே நின்றது.

நாதஸ்வரம் முடிந்தது. திரும்பப் போட்டார்கள். அதுவும் முடிந்தது. முன்வரிசையில் 'எஞ்சினியரின் அப்பா' என்று அமர்ந்திருந்த சிவமணி மெதுவாக எழுந்து சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

கரிகாலன் ஓடிவந்தார். "என்ன பிள்ளை, ஏன் எழும்பேல்லை?"

"பாரம் கூடிப்போச்சு அங்கிள். ஒராள் இறங்கோணும்."

"விளையாடுறியே? உள்ளுக்கை நிக்கிறது தலைவர்! அந்த வயரைக் கழட்டிக் கரண்டை நேராக் குடு. முந்தி அப்பிடித்தானே ஓடினது."

"ஏலாது."

"ஆர் இஞ்சை பத்ரோன்? நானோ, உந்தச் சிவப்பு லைட்டோ?"

"இப்ப லைட் தான் அங்கிள்."

கரிகாலன் கைகளை உதறிக்கொண்டு, சனத்தைச் சமாளிக்க மேடைக்கு முன்னால் போனார். மொட்டுக்குள்ளிருந்து தலைவரின் குரல் வந்தது.

"ஏன் நிக்குது? கெதியா ஏத்துங்கோ!"

"அங்கிள், உங்கள் ரெண்டுபேரிலை ஒராள் இறங்கோணும்."

"ஆர் இறங்கிறது? நான் தகப்பன். அவவின்ரை விசேஷம். ரெண்டுபேரும் வேணும்."

"பப்பா, நீங்கள் என் காலில் நிற்கிறீர்கள்," என்று கனிஷ்கா பிரெஞ்சில் சொன்னாள்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. சிரிச்சபடி நில்லு. எந்த நேரமும் துறக்கும்."

பின்பக்க இதழ்களின் கீழே ஒரு சின்னப்பிள்ளை நுழையக்கூடிய இடைவெளி இருந்தது. அதற்குள்ளால் முதலில் ஒரு கைபேசி வெளியே வந்தது. பிறகு சடைநாகம் வந்தது. பிறகு கனிஷ்கா முழுதாக வந்து, சீலையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"சாப்பாட்டிலை ரோல்ஸ் முடிஞ்சுதா?" என்று அஜந்தாவிடம் கேட்டாள்.

"இருக்கும். போ."

கும்பிட்ட கையுடன் முன்னால் பார்த்து நின்ற தலைவருக்கு, பின்னால் நடந்தது தெரியவில்லை. புகை வேறு. "ஏத்தடி பிள்ளை, ஏத்து!" என்றார்.

அஜந்தா மீட்டரைப் பார்த்தாள். நூற்றுநாலு. எல்லைக்குள்தான். உள்ளே நிற்பவர் ஏற்று என்று வாயாலேயே சொல்கிறார். அவள் நீலப் பொத்தானைப் பார்த்தாள். ஒரு மூச்சு எடுத்தாள். அழுத்தினாள்.

தாமரை எழும்பியது. சத்தமில்லாமல், ஆட்டமில்லாமல், இதுவரை எந்த விழாவிலும் எழும்பாத அழகுடன் எழும்பியது. மரியரட்ணம் மனப்பாடமாக வைத்திருந்த வரியை எடுத்துவிட்டார்.

"இதோ! செந்தாமரை விரிகிறது! நேற்றுவரை துள்ளித்திரிந்த சிறுமி... இன்று..."

இதழ்கள் விரிந்தன. புகை விலகியது. ரோசாப்பூக்கள் கொட்டின. நடுவில் தலைவர் ஞானசுந்தரம், கும்பிட்டபடி, வெட்கம்போல ஒரு சிரிப்புடன் நின்றார்.

ஒலிவாங்கியில் வெற்றிடம் விட்டுப் பழக்கமில்லாத மரியரட்ணம் முடித்துவைத்தார்: "...இன்று எங்கள் தலைவர்!"

கடைசி வரிசைப் பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். பெரியவர்கள், சிரிப்பதா என்று ஆளையாள் பார்த்து, பாதுகாப்புக்காகக் கை தட்டினார்கள். கைதட்டத் தொடங்கினால் எங்கள் சனத்துக்கு நிறுத்த வராது.

பிலிப் பொன்னாடையோடு மேடைக்குப் பின்னால் வந்தார்.

"மத்மசல், அது நின்றது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நாலு அம்மாக்கள் நின்று இந்தச் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் பார்த்தது, அது திரும்ப ஓடியதை. பாரம் குறைந்ததும் தானாக ஓடியதா? அப்படியென்றால் இந்தத் திட்டத்தை என்னால் ஏற்க முடியாது."

கரிகாலன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். தானாக ஓடியது என்றால் வேலை தப்பும், படிப்புப் போகும். உண்மையைச் சொன்னால் படிப்புத் தப்பும், வேலை போகும்.

"தானாக ஓடவில்லை. நான்தான் அழுத்தினேன்."

"உள்ளே யார் இருந்தார் என்று தெரிந்தா?"

"தெரிந்துதான். நூற்றுநாலு கிலோ. ஆள் யாரென்று இயந்திரம் கேட்காது."

"நீங்கள்?"

"நானும் கேட்கவில்லை, முசியே."

கரிகாலனின் பிரெஞ்சு பொலிஸுக்கும் வாடிக்கையாளருக்கும் மட்டுந்தான் போதும் என்றாலும், இது விளங்கிவிட்டது. "ஓகோ! வேணுமெண்டே ஏத்தினனீ? தலைவரைச் சாமத்தியப்படுத்திப்போட்டு நிக்கிறாய்! திங்கக்கிழமை நீ வரத் தேவையில்லை!"

அப்போது தலைவரே வந்தார். தலையில் இரண்டு ரோசா இதழ்கள் ஒட்டியிருந்தன.

"கரிகாலன், என்னை ஏத்தினது ஆர்?"

"இவ தான்!" கரிகாலன் அரை அடி தள்ளி நின்றுகொண்டார்.

"நல்ல வடிவா ஏத்தினவ. சனம் என்னமாதிரிக் கை தட்டினது, கேட்டனியோ? ஆனா டீவிக்காரன் அந்த நேரம் பற்றரி மாத்திக்கொண்டு நிண்டவனாம். திரும்ப ஒருக்கா ஏத்தேலுமோ?"

கரிகாலன் அந்த அரை அடியைத் திரும்ப நடந்து வந்தார். "ஏன் ஏலாது தலைவர்? எங்கடை எஞ்சினியர்தானே!"

கனிஷ்காவைக் கூப்பிட்டார்கள். அவள் சாப்பாட்டு மேசையில் இரண்டாவது ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தாள்; வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவளுடைய தாய் பூரணி ஆலாத்தித் தட்டுடன் வந்து எட்டிப்பார்த்தாள். "உங்கடை சாமத்தியவீடு முடிஞ்சுதெண்டாச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கோணும்."

தலைவர் தனியாகவே தாமரையில் ஏறினார். பிலிப் யோசித்தார். பாரம் கூடி நிற்பதைத் தன் கண்ணால் பார்க்காமல் அவர் சரி சொல்லமாட்டார். சுற்றிப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். டோர்ச்சை எரித்துக்கொண்டு தானும் தாமரைக்குள் கால் வைத்தார்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேராசிரியரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இதழ்கள் மூடின. நாதஸ்வரம் தொடங்கியது.

சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டு அசையவில்லை.

"த்ரே பியான்! மிக நன்று!" என்றது பிலிப்பின் குரல். டோர்ச் வெளிச்சம் இதழ்களுக்குள் அங்குமிங்கும் ஓடியது. "மின்சாரத்தை வெட்டிய எல்லை சரி. பூட்டும் சரி. மத்மசல், தேர்வாளர்களுக்கு முன் கொண்டுபோகலாம்."

அஜந்தா பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டாள். பிறகு ஜூலையில் பேதேஎஸ் கிடைத்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

"ஏன் நிக்குது?" என்றது உள்ளே மற்றக் குரல்.

"ஒராள் இறங்கோணும் அங்கிள். பிலிப் சேருக்கு வேலை முடிஞ்சுது, அவரை விடுங்கோ."

"விசரே உனக்கு? அவர் நிக்கத்தானே படம்!"

"அப்ப நீங்கள் இறங்குங்கோ."

பிலிப் கையை இழுத்துப் பார்க்கும் சத்தமும், தலைவர் விடாத சத்தமும் மட்டும் கேட்டன. கரிகாலன் அஜந்தாவைப் பார்த்தார். வயரைப் பற்றி இந்தமுறை வாய் திறக்கவில்லை.

"கையாலை துறக்கலாம் அங்கிள். கொஞ்சம் நேரம் எடுக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒவ்வொரு இதழாத்தான் ஏலும்."

அவள் கைப்பிடியைப் பொருத்திச் சுற்றத் தொடங்கினாள். முதல் இதழ் விரலளவு விரலளவாகச் சாய்ந்தது. தொலைக்காட்சிக்காரர் புதுப் பற்றரி போட்ட கமராவைத் தோளில் வைத்து விளக்கைப் போட்டார். வெளிச்சத்தில் பொன்னாடையும் டோர்ச்சுமாக பிலிப் நின்றார். குனிந்து இணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், மூடிய இதழுக்குப் பின்னாலிருந்து, ஒரு மோதிரக் கை மட்டும் நீண்டு அவரை இறுக்கப் பிடித்திருந்தது.

"தலைவர் அவர்கள் இன்னும் சற்று நேரத்தில்..." என்றார் மரியரட்ணம்.

அஜந்தா அடுத்த இதழுக்குக் கைப்பிடியை மாற்றினாள். அது தலைவரை மறைத்து நின்ற இதழ் அல்ல.