ஊற்றியவர் ஒருவர், சொன்னவர் ஒருவர்

இரண்டாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால் பெற்றோர் ஒரு வகுப்புக்கு வந்தே தீரவேண்டும் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் பாதி மாடியில் நின்றுவிட்டது. லிப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது? என் கணவர் அங்கே ஓடினார், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். பாடம் எடுத்த உபதேசியாருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்செட். கையளவு அறையில் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். எப்போதடா விடுவார் என்று உட்கார்ந்திருந்தேன்.

"ஆபத்து நேரத்துல சாமியார் வரணும்னு இல்ல, யார் வேணும்னாலும் கொடுக்கலாம்," என்றார். "ஆனா தண்ணி ஊத்துறவர்தான் வார்த்தையும் சொல்லணும். ஒருத்தர் ஊத்தி இன்னொருத்தர் சொன்னா அது ஞானஸ்நானமே இல்ல. செல்லாது."

சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தியை யார் வாங்கிவர வேண்டும் என்ற பேச்சுக்குப் போய்விட்டார். நான் அந்த 'செல்லாது'விலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் மூத்தவள் பிறந்து ஒரு பகல்கூட இருக்கவில்லை. என்னை அறுத்துத்தான் அவளை எடுத்தார்கள். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் போய்விட்டாள். உயிரோடு நான் அவளைப் பார்க்கவே இல்லை. டாக்டர் கையை விரித்ததும் என் கணவரும் அவருடைய அக்காவும்தான் உள்ளே ஓடியிருக்கிறார்கள். இவர் பாட்டிலைத் திறந்து அவள் தலையில் தண்ணீரை ஊற்றினார். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்ததாம். அதனால் அந்த அக்கா, எனக்கு அண்ணி, பக்கத்தில் நின்று, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று பெயரும் வைத்துச் சொல்லிமுடித்தார்.

அவளைப் பற்றி எனக்கென்று இருப்பது அந்த ஒன்றுதான். நான் தூக்கவில்லை, பால் கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டுதான் போனாள் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலை விட்டு எழுந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் என்ன செய்வது?

மறுநாள் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு சாமியாரைப் பார்க்கப் போனேன். சின்ன வயது அவருக்கு. நான் சொல்லச் சொல்ல மென்று முழுங்கினார்.

"கடவுளோட இரக்கம் சட்டத்துக்குள்ள அடங்காதும்மா. உங்க பிள்ளைய அவர் கைவிட மாட்டார்."

"அது எனக்கும் தெரியும் சாமி. பூசி மெழுகாதீங்க. அது ஞானஸ்நானமா, இல்லையா?"

"இல்லம்மா," என்றார்.

"இப்ப ஏதாவது செய்யலாமா? கல்லறைக்கு வந்து?"

"இறந்தவங்களுக்குக் கொடுக்க முடியாதும்மா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க கடையில தப்பான மருந்தக் கொடுத்துட்டா வீடு தேடிப் போய் மாத்திக் கொடுப்போம் சாமி. உங்க கடையில அதுகூடக் கிடையாதா?"

பாவம், அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? வாசல்வரை கூடவே வந்தார். "ஊத்துறப்ப உங்க வீட்டுக்காரரும் கூடவே சொல்லியிருந்தா சரியாயிடும். சத்தமா வேணாம், வாய்க்குள்ள சொல்லியிருந்தாலும் போதும். கேட்டுப் பாருங்க," என்றார்.

வழியெல்லாம் அதையே ஜெபமாகச் சொல்லிக்கொண்டு போனேன். சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் அண்ணியிடம் போனேன். அண்ணி தையல்காரி. சின்னவனுக்கு வெள்ளை உடுப்பு தைத்துக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, "அன்னிக்கு உங்க தம்பியும் கூடச் சொன்னாராண்ணி?" என்று கேட்டேன்.

"அவனா? நல்லாச் சொன்னான் போ! பாட்டில் ஆடுன ஆட்டத்துல பாதித் தண்ணி அவன் சட்டையில. பல்லக் கடிச்சிக்கிட்டு என் வாயவே பாத்துக்கிட்டு நின்னான். நான் மட்டும் இல்லன்னா உன் பொண்ணு பேர்கூட இல்லாமப் போயிருப்பா." சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குப் பிள்ளை இல்லை. "என் வாயாலதான் அவளுக்கு மோட்சம்னு எழுதியிருக்கு," என்று மெஷினை மிதித்தார். ஆமாம் அண்ணி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் மொட்டைமாடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணியும் அந்தப் பதற்றத்தில் நின்றவர்தானே, சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குள் ஒரு நப்பாசை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில அக்கா சொன்னப்ப, நீங்களும் கூடச் சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றார் சட்டென்று. "மெதுவாச் சொன்னேன். முழுசாச் சொன்னேன்."

எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமே! காதெல்லாம் சிவந்துவிட்டது. மனுஷருக்குப் பொய் சொல்லவே வராது.

"எப்பருந்து தெரியும் உங்களுக்கு?" என்றேன்.

மடித்த துண்டை உதறி மறுபடியும் மடித்தார். "புதைக்கிறதுக்கு முன்னாடியே. அங்க வந்த சாமியார் கேட்டாரு, ஊத்துனது யாரு, சொன்னது யாருன்னு. அப்புறம் நீ கண்ண முழிச்சதும் கேட்டது அது ஒண்ணுதான், ஞானஸ்நானம் கொடுத்தீங்களான்னு. நான் என்னன்னு சொல்ல?"

"இத்தன நாளும் என்ன ஏமாத்திக்கிட்டு இருந்தீங்களே!" கையில் கிடைத்த துணியால் அவரை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். தடுக்காமல் நின்றார்.

"நீ நம்புறவரைக்கும் அவ ஞானஸ்நானம் வாங்குனவளா இருந்தா," என்றார். "உன்கிட்டயாவது அவ அப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன்."

எனக்குக் கை ஓய்ந்துபோனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே வீட்டில் சின்னவன் எழுந்து அழ ஆரம்பித்தான். இரண்டு பேரும் இறங்கிப் போகவில்லை.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத," என்றார். "இனிமே அந்த ஞானஸ்நானம் அவகிட்ட மட்டும்தான் இருக்கு."

சொல்ல மாட்டேன் என்றேன்.