பதினொன்றா, பதினான்கா

அப்பா நாட்காட்டி அச்சகத்தில் பிழை திருத்துபவர். இந்த வருடமும் போர் முடிந்த நாள் விடுமுறைக்கு, பதினான்காம் தேதியின் சிவப்பை அடித்துவிட்டுப் பதினொன்றைச் சிவப்பாக்கச் சொல்லி எழுதியிருந்தார். முதலாளி ப்ரூஃபை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது பதினொண்ணு. போர் அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. சேதி எல்லைக்குப் போய்ச் சேர்ந்த நாளுக்கு எதுக்கு லீவு? தந்தி லேட்டானதுக்கா?" என்றார் அப்பா.

"அரசாங்கத்துக்கே பிழை திருத்துற ஆளு நீங்க ஒருத்தர்தான்," என்று வழக்கமாக அம்மா சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நூலைக் கடித்துத் துண்டித்தாள்.

"எங்கப்பா பதிமூணாந்தேதி எல்லையில குண்டடிபட்டுச் செத்தாரு. பதினொண்ணுலயே போர் முடிஞ்சுதுன்னா, அவரு எதுலங்க செத்தாரு?"

அந்தத் தேதி அப்பாவுக்குத் தெரியும். வருடா வருடம் அன்று தாத்தாவின் படத்தைத் துடைத்து வைப்பவரே அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தான் அடித்த பதினான்கின் கீழே புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினார். அடித்ததை அடிக்காததாக எடுத்துக்கொள்ளும்படி அச்சுக்கோப்பவருக்குச் சொல்லும் வார்த்தை அது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "முப்பது வருஷத்துல என் பேச்சுக்கு இருக்கட்டும்னு நீங்க சொன்னது இதான் முதல் தடவை."

"அதுவும் இருக்கட்டும்," என்றார் அப்பா.