கலர் போடாத சர்பத்

கனிஷ்கா பாக்கெட்டை வாங்கினாளே தவிர, குடிக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, எதிரே நின்ற பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களோ கவரின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து, அண்ணாந்து, சொட்டு விடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். "இன்னாடி கண்ணு, பாத்துக்கினே நிக்கற? குடி, சில்லுனு இருக்கும்" என்று ஷர்புன்னிசா அவள் கன்னத்தைத் தட்டினாள். ஏப்ரல் மாத வெயிலிலும் அந்தக் கன்னம் ஜில்லிட்டிருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை, மேடையேறி ஆடப்போகிற பயமாக்கும் என்று நினைத்து, ஐஸ் போட்ட டப்பில் கையை விட்டு அடுத்த பாக்கெட்டை எடுத்தாள்.

ஷர்புன்னிசா சும்மா இருக்கிற ரகம் இல்லை. கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் கலீலுல்லாவின் மனைவி. வியாபாரம் படுத்துப்போன ஒரு வருஷத்தில், மகள் அத்தியாவை இங்கிலீஷ் பள்ளியிலிருந்து எடுத்து இந்த அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். கொஞ்ச நாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள், இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். தலைமை ஆசிரியை ராணியம்மாளுக்கே யோசனை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். இந்தப் பள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழாச் சாப்பாட்டை வெளியே சொல்லிச் செய்வதில்லை. ஒரு வீட்டிலிருந்து புளிசாதம், ஒரு வீட்டிலிருந்து மசால் வடை, ஒன்றும் முடியாத வீட்டிலிருந்து ஒரு கட்டு வாழையிலை. எந்த வீட்டுப் பிள்ளையும் எந்த வீட்டுச் சோற்றையும் சாப்பிட வேண்டும், அதுதான் ராணியம்மாள் போட்ட சட்டம். சட்டத்தை எல்லாரும் வாய் நிறைய மெச்சினார்கள். ஆனால் போன வருஷம் மோர் ஊற்றும்போது, "எங்க புள்ளைக்கு டம்ளரு வூட்டுலருந்தே குடுத்தனுப்பிட்டோம் டீச்சர்" என்று சிலர் நைசாகக் கழன்றுகொண்டார்கள். யார் வாய் வைத்த டம்ளரில் யார் குடிப்பது என்கிற அந்தப் பழைய கதைதான். ஷர்புன்னிசாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

"டம்ளரே வேணாங்க டீச்சர். நான் சர்பத்து போட்டு, எண்ணெ கட்டற மாதிரி சின்னச் சின்ன கவர்ல கட்டிக்கினு வந்துர்றேன். ஆளுக்கு ஒண்ணு. அப்புறம் எவன் இன்னா சொல்றான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டாள்.

விழா நாள் விடியலில் சுபுஹு தொழுத கையோடு எலுமிச்சம்பழம் பிழிய உட்கார்ந்தாள். வடிகட்டி, சர்க்கரை கரைத்து, ரோஸ் எசன்ஸ் பாட்டிலைத் திறந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் வாடகைக்கு எடுத்த வெள்ளை டிரஸ்ஸில் ஆடப்போகிறார்கள், சிந்தினால் கறை போகாது. பாட்டிலை மூடி வைத்தாள். தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள். கவர் கவராக, தண்ணீர் மாதிரியே இருந்த சர்பத் நூல் சுற்றிய முடிச்சோடு டப்பை நிறைத்தது.

பாக்கெட்டை நீட்டிக்கொண்டிருந்த ஷர்புன்னிசா, பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கனிஷ்கா ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிள்ளையாகப் போய், வாயிலிருக்கும் பாக்கெட்டைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். "குடிக்காத! துப்பு! துப்புடி!" பெரிய பையன்கள் அவளைத் தள்ளினார்கள், விழுந்து எழுந்து மறுபடியும் ஓடினாள். அத்தியாவின் கையைக் கடித்தே விட்டாள். "அம்மா, இவளப் பாரும்மா! என்னுது ரெண்டாவது பாக்கெட்டு, பாதிதான் குடிச்சேன்" என்று அத்தியா கத்தினாள்.

கீழே, மண்ணில், கடித்த மூலையோடு கவர்கள் கிடந்தன. ஷர்புன்னிசா அவற்றைப் பார்த்தாள். கையிலிருந்த பாக்கெட்டைத் திரும்ப டப்பில் போட்டாள்.

கனிஷ்கா கருணாபுரத்துப் பிள்ளை. போன ஜூன் மாதம் அவள் அப்பன் பிச்சைமுத்து இதே மாதிரிக் கவரில், இதே மாதிரி நிறமில்லாத சாராயத்தை வாங்கிக் குடித்துவிட்டு வந்து படுத்தான். விடிந்ததும் கண் தெரியவில்லை என்றான். அதற்கப்புறம் அவன் வீட்டுக்கு நடந்து வரவில்லை. அந்த வாரம் அந்தத் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சாவுப் பந்தல். துக்கம் கேட்கப் போய், அவன் மனைவி அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தவள்தான் ஷர்புன்னிசா. வருஷம்கூடத் திரும்பவில்லை, எப்படி மறந்தாள்? என் புத்தியில இடி வுழ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, சிலம்பம் ஆடிவிட்டு வந்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மேடையோரம் குனிந்து வாந்தி எடுத்தான். இன்னொருத்தி அவனைப் பார்த்து எடுத்தாள். மைக்கில் பாட்டு நின்றுபோனது. ராணியம்மாள் ஓடிவந்து பையனின் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. வெய்யில்ல ஆடிட்டு வடைய வாரித் தின்னுருக்கான்" என்றாள். ஆனாலும் வண்டி எடுக்கச் சொல்லிக் கத்தினாள். ஓர் ஆசிரியர் பையனை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

வெயில்தான், வடைதான் என்று ஷர்புன்னிசா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. கடையின் பின்கட்டில் இரண்டு வெள்ளைக் கேன்கள் இருந்தன. ஒன்றில் குடிதண்ணீர். இன்னொன்றில் சில்லறையில் ஊற்றி விற்கும் தரை துடைக்கிற மருந்து. காலையில் கரண்ட் இல்லை. இருட்டில்தான் கேனைத் தூக்கிவந்தாள். வாசனை தெரிந்திருக்குமே என்றது மனம். அந்த மருந்தும் எலுமிச்சை வாசனைதானேடி என்றது அதே மனம். யா அல்லாஹ், எந்தக் கேனைத் தூக்கினேன்? எவ்வளவு யோசித்தும், நூல் சுற்றிய தன் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கேன் வரவில்லை.

ஒரு பாக்கெட்டை எடுத்துக் கடித்துக் குடித்தாள். இனிப்பும் புளிப்பும்தான். ஆனால் பிச்சைமுத்துவும் நல்லாத்தானே இருக்கு என்றுதான் குடித்திருப்பான். எந்தக் கேன் குறைந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லக் கலீலுல்லாவுக்குப் போன் அடித்தாள். அஸர் தொழுகை நேரம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தியாவை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டு, "வவுறு வலிக்குதாடி? கண்ணு எரியுதா?" என்று கேட்டாள். "இல்லம்மா, விடும்மா" என்று நெளிந்தாள் மகள். ஷர்புன்னிசா விடவில்லை.

போனில் செய்தி அதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. இஸ்கூலில் பாக்கெட் குடித்துப் பிள்ளைகள் விழுந்துவிட்டனவாம். கேட் வழியாகத் தாய்மார்கள் தலைவிரிகோலமாக ஓடிவந்தார்கள். அவரவர் பிள்ளையை அள்ளி, வாயை மோந்து பார்த்து, முதுகில் ஒன்று வைத்து, அழுதார்கள். "யாரு குடுத்தது?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. "பாய் வூட்டம்மா குடுத்ததாம்" என்றது இன்னொரு குரல். நேற்றுவரை அவள் இங்கே 'அத்தியா அம்மா'. அந்தப் பேர் இவ்வளவு சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்று அவள் நினைக்கவில்லை. கடை, வீடு, கலீலுல்லா, மடியில் பிள்ளை, எல்லாவற்றையும் நினைத்துப் பயந்தாள். ஓடிவிடலாமா என்றும் ஒரு நொடி நினைத்தாள்.

"எல்லாம் இருங்க, ஆஸ்பத்திரிலருந்து போன் வரட்டும்" என்று ராணியம்மாள் இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றாள்.

அப்போது அமிர்தம் வந்தாள். சித்தாள் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், முழங்கை வரை சிமெண்ட். கூட்டம் தானாக வழிவிட்டது. அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் இனி என்பதுபோல எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கனிஷ்கா ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அமிர்தம் குனிந்து, தரையில் கிடந்த ஒரு கவரை எடுத்தாள். முடிச்சைப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன ஓடுகிறதென்று யாருக்கும் பிடிபடவில்லை.

"இன்னாக்கா இது?"

"எலுமிச்சம்பழம், சக்கர. அவ்ளோதான் அமிர்தம். என் புள்ள மேல ஆணை."

"கலரு போடலியா?"

"சட்டையில கறை படும்னு..." என்று தொடங்கியவளுக்கு அழுகை முட்டியது. "எனுக்கு ஞாபகமே வரல அமிர்தம். உன் வூட்டு ஞாபகம் வரவே இல்ல. என்னை அடி. நாலு அடி அடிச்சிரு."

அமிர்தம் அடிக்கவில்லை. டப்பில் கையை விட்டு, புதுப் பாக்கெட் ஒன்றை எடுத்தாள். மூலையைப் பல்லில் வைத்தாள்.

"வேணாம்!"

கத்தியது ஷர்புன்னிசாதான். வாயைத் தாண்டிப் போய்விட்டது. கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. செய்தவளே வேணாம் என்கிறாளே என்று ஒருத்தி மார்பில் கை வைத்தாள். ராணியம்மாள்கூட அவளை வேறு மாதிரி பார்த்தாள். கேனைப் பற்றி, இருட்டைப் பற்றிச் சொல்ல ஷர்புன்னிசா வாயைத் திறந்தாள், அமிர்தம் முந்திக்கொண்டாள்.

அமிர்தம் அவளை நேராகப் பார்த்தாள். "போன ஜூன்ல எங்க தெருவுக்கு எட்டிப்பாக்கவே பயந்துகினு இருந்தாங்க. நீ வந்து என் வூட்டு சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சக்கா" என்றாள். பிறகு பாக்கெட்டைக் கடித்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலிக் கவரை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்தாள்.

யாரும் நகரவில்லை. போன் வரவில்லை. கனிஷ்கா தாயின் எதிரே வந்து நின்றாள். அழுகையில் மூக்கு ஒழுகியது. கையைத் தூக்கி, தாயின் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினாள். போன ஜூனில், கண் தெரியவில்லை என்ற அப்பனுக்கு எதிரே நீட்டிய அதே கை.

"இது எத்தினி?"

"மூணு" என்றாள் அமிர்தம்.

கனிஷ்கா ஒரு விரலை மடக்கினாள். "இது?"

"ரெண்டு."

"இது?"

"அஞ்சு. எல்லாம் தெரியுதுடி. உன் மூக்கு ஒழுகறதும் தெரியுது."

பிள்ளைக்கு அது போதவில்லை. மாற்றி மாற்றிக் காட்டினாள். அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பி நடந்து ஷர்புன்னிசாவிடம் வந்தாள். கையை உயர்த்தி அவள் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"உனுக்கு? இது எத்தினி?"

ஷர்புன்னிசா பார்த்தாள். கண்ணில் நீர் தளும்பி நின்றது. விரல்கள் ஒன்றோடொன்று கலந்து மிதந்தன, எத்தனை என்றே தெரியவில்லை. கையிலிருந்த போன் கலீலுல்லாவின் பேரோடு அதிரத் தொடங்கியது. பிள்ளை கையை இறக்காமல், பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றது.