காசியின் கைக்குத் துபாஷி

நான்காவது வாய்தாவுக்கும் செல்லம்மாள் ஆம்பூரிலிருந்து விடிகாலை ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் கோர்ட்டுக் கச்சேரிக்கு நடந்தே வந்து சேர்ந்தாள். கூடவே காசியும் வந்தான். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. தோல் பதனிடும் ஷாப்பில் அவனோடு வேலை செய்த அவள் புருஷன் வேலாயுதம் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து செத்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். தொட்டியைப் பலகை போட்டு மூடாமல் விட்டதாக மேஸ்திரி நிசார் அஹமது மேல் வழக்கு நடந்தது.

காசியின் கையைப் படித்துச் சொல்ல ஒரு துபாஷி வேண்டும் என்று மாஜிஸ்திரேட் சொல்லி எட்டு மாதமாகிவிட்டது. முதலில் சர்க்கார் வக்கீல் பட்டணத்திலிருந்து ஊமைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் ஒருவரை வரவழைத்தார். அவர் விரலால் எழுத்தெழுத்தாகக் காட்டினார். பள்ளிக்கூடத்தையே பார்க்காத காசி மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த வாய்தாவுக்கு அவன் தாய் எல்லம்மா வந்தாள். பசி, காய்ச்சல், கோயில் என்று அவன் காட்டுவதெல்லாம் அவளுக்குத் தெரியும். தொட்டியில் தோலைப் புரட்டுவதைச் சொல்ல அவன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டியபோது, "தோசை திருப்பறான் சாமி" என்றாள். கச்சேரியே சிரித்தது. காசி கையைக் கீழே போட்டுவிட்டான். மூன்றாவது தடவை ஷாப்பு ஆட்களைக் கூப்பிட்டார்கள். வேலை போய்விடுமென்று ஒருவரும் வரவில்லை.

அவன் கைப்பேச்சை முழுக்க அறிந்திருந்தவன் வேலாயுதம்தான். ஏழு வருஷமாக இருவரும் செல்லம்மாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஷாப்புக் கதையெல்லாம் கையாலேயே பேசிக்கொள்வார்கள். சோறு போட்டுக்கொண்டே பார்த்துப் பார்த்து செல்லம்மாளும் கற்றுக்கொண்டாள். தாடியை உருவினால் மேஸ்திரி, விரல் நுனிகளைத் தேய்த்தால் சுண்ணாம்பு. ஆனால் செத்தவன் பெண்சாதி சொல்வதை எதிர்த்தரப்பு ஒப்பாது என்று வக்கீல் அவளை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்.

அன்று மாஜிஸ்திரேட்டுக்கும் சலித்துப்போயிற்று. வேறு யாருக்குத்தான் இவன் பேச்சு தெரியும் என்று கேட்டார். செல்லம்மாள் எழுந்து, தனக்குத் தெரியும் என்றாள். கூண்டிலிருந்த மேஸ்திரி, தனக்கும் கொஞ்சம் தெரியும் என்றார். சரி, அவள் சொல்லட்டும், தப்பாகச் சொன்னால் நீ அங்கேயே தடுக்கலாம் என்றார் மாஜிஸ்திரேட். இரு வக்கீல்களும் முணுமுணுத்து ஒப்புக்கொண்டார்கள்.

காசி கையைத் தூக்கினான். எட்டு மாதம் அடக்கி வைத்தது ஒரேயடியாக வந்தது. செல்லம்மாள் இரண்டு தடவை நிறுத்திக் கேட்டாள். இரண்டு தடவையும் அவன் அதையே காட்டினான்.

"இன்னாம்மா சொல்றான்?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"தோலைப் புரட்டறதுக்காகப் பலகையை எடுத்தது எம் புருஷன்தானாம்," என்றாள். "அதுக்குள்ள மேஸ்திரி, வண்டியில லோடு எறக்க சீக்கிரம் வான்னு கூப்ட்டாராம். இவரு மூடாமயே ஓடிட்டாராம். தலைமேல தோல் கட்டோட திரும்பி வந்தப்ப காலடியைப் பாக்கலையாம்."

மாஜிஸ்திரேட் மேஸ்திரியைப் பார்த்தார். அவர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அதான் சொல்றான். நான் கூப்ட்டதும் நெசம்தான்," என்றார்.

கூப்பிட்டது குற்றமாகாது என்று அன்று மாலையே வழக்கு தள்ளுபடியாயிற்று. வெளியே வந்ததும் சர்க்கார் வக்கீல், பலகைப் பேச்சை அவள் விழுங்கியிருக்கலாம், மேஸ்திரிக்கு அவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்திருக்காது என்று கடிந்துகொண்டார்.

"அவன் சொன்னதை மாத்தறதுக்கு நான் யாருங்க?" என்றாள்.

காட்பாடியில் ரயில் தாமதம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவளுக்கு முதுகு நிமிரவில்லை. காசி எதிரே குந்திக்கொண்டு, தான் சொன்னது தப்பா என்று கையால் கேட்டான். அவளுக்குக் கையைத் தூக்கவும் தெம்பில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் மடியிலிருந்து ஒரு கையை எடுத்து, இல்லை என்று ஆட்டிவிட்டு, தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.