காசித்தும்பைக்குக் காவல்

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? முட்டுவலிக்காரர்கள் தைலம் தடவுகிறீர்களா? எனக்கு உடம்பு தேவலை. மனசுதான் சரியில்லை.

முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் பதினோரு தொட்டியில் காசித்தும்பை வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலிலும் நிமிர்ந்து நிற்கும். மே மாசம் பிறந்ததும் ஒவ்வொன்றாகத் தண்டு தொங்க ஆரம்பித்தது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. பூச்சியும் இல்லை. அப்படியானால் யாரோ எதையோ ஊற்றுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

எனக்கு மாடி ரீனா ஞாபகம்தான் வந்தது. நாசரேத்துக்காரி. துறைமுகத்தில் ஒரு ஏஜென்சி ஆபீசில் வேலை. மூன்று வருஷமாக எங்கள் மாடியில் குடியிருக்கிறாள். மீன் கழுவிய தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுவது என் வழக்கம். செடிக்கு அதைவிட உரம் உண்டா? "ஆச்சி, வாடை மாடி வரைக்கும் வருது" என்று தை மாசம் ஒருதரம் சொன்னாள். நாலு நாள் நான் அவளோடு பேசவில்லை. அந்தக் கோபத்தைச் செடியிடம் காட்டுகிறாளோ?

கவனித்தேன். படியில் அவள் வைத்திருக்கும் ரோஜாவுக்கு ஒரு வாட்டமும் இல்லை. என்னைக் கண்டால் செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்துகொள்கிறாள். பக்கத்து வீட்டு இசக்கித்தாயிடம் சொன்னேன்.

"பினாயிலா இருக்கும் மைனி. கையோட பிடிச்சாத்தான் உண்டு."

"எப்பிடிளா பிடிக்க?"

"சர்ச்சுக்குப் போன மாதிரி கதவச் சாத்திட்டு உள்ளயே இருங்க."

அப்படியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரீனா கையில் மக்கோடு இறங்கி வந்தாள். அங்கும் இங்கும் பார்த்தாள். ஓரத்துத் தொட்டியில் ஊற்றினாள். கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன்.

"ஏளா, என்னத்தளா ஊத்துத?"

"தண்ணி ஆச்சி."

"தண்ணி ஊத்தவா திருடி மாதிரி வார? மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணிரு!"

ரீனா மக்கில் மிச்சமிருந்ததைக் குடித்துக் காட்டினாள். "குழாய்ல வார வல்லநாட்டுக் குடிதண்ணி. நாலு நாளா இது ஒண்ணுக்குத்தான் ஊத்துதேன். பாருங்க."

உண்மைதான். அது ஒன்றுதான் தலை தூக்கியிருந்தது. அடுத்த தொட்டியில் மண்மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டி என் கையில் வைத்தாள்.

"நாக்குல வச்சுப் பாருங்க."

உப்பு!

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் கருவாடுதான். கருவாடு கழுவிய தண்ணீரையும் பழக்கதோஷத்தில் நான்தான் தொட்டிக்கு ஊற்றியிருக்கிறேன்.

"முன்னாலயே சொல்லக் கூடாதாளா?"

"வாடைன்னு சொன்னதுக்கே நாலு நாள் மொகத்தத் திருப்புனிய. உப்புன்னு சொன்னா விடுவியளா?"

அன்றே எல்லாத் தொட்டிக்கும் அடியில் வடிகிறவரை நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிட்டேன். ஏழு பிழைத்தது, நாலு போய்விட்டது. "அந்த நாலுக்கு அவ என்னத்த ஊத்துனாளோ" என்று இசக்கித்தாய் இன்னும் சொல்லுகிறாள். நான் காதில் வாங்கவில்லை.

நேற்று மாடியேறி, "நான் சொன்னத மனசுல வைக்காத, போகாதளா" என்றேன். அவள் அட்டைப்பெட்டியில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேற வீடு சொல்லி வச்சுட்டேன் ஆச்சி. யோசிச்சுச் சொல்லுதேன்."

இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. மேலே பெட்டி இழுக்கிற சத்தம் கேட்கிறது. கட்டுகிறாளா, பிரிக்கிறாளா, தெரியவில்லை. இப்படி அவசரப்பட்டு நீங்களும் யார்மேலாவது பழி போட்டதுண்டா? அவர்கள் மனசு ஆற என்ன செய்தீர்கள்? கீழே எழுதுங்கள், உட்கார்ந்து வாசிக்கிறேன்.