பூட்டாத முன்சக்கரம்

மரவள்ளி மூட்டைகளோடு ஜீப் அதே பள்ளத்தில் மறுபடியும் மாட்டியது. செங்கோடன் இறங்கினான், ஆனால் தள்ளப் போகவில்லை.

போன வாரம் இதே சேற்றில் இந்த வண்டியைத் தள்ளும்போதுதான் அவன் மச்சினன் காளியண்ணன் வழுக்கி விழுந்தான். பின்னால் சரிந்த சக்கரம் பாதத்தில் ஏறியது. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அது போதாதென்று, வண்டி ஓட்டிய சதீஷ்குமார் வளப்பூர் நாட்டு மலையூர்கள் முழுக்க ஒரு பேச்சைப் பரப்பியிருந்தான்: குடித்துவிட்டுத் தள்ளினான், விழுந்தான் என்று. ஊருக்குப் பஞ்சாயத்து சொல்லும் ஊர்க்கவுண்டரும் நம்பிவிட்டார். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவனுக்குக் குடிகாரன் என்று பெயர்.

சதீஷ்குமார் சட்டையில் சேறு படாமல் சீட்டில் இருந்தபடியே ஆக்சிலேட்டரை மிதித்தான். பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா கிடந்தன. ஃபோர் வீல் போட்டாச்சு, தள்ளினால் ஏறிவிடும் என்று கத்தினான். மற்ற மூன்று சுமையாட்களும் தோள் கொடுக்கப் போனார்கள். செங்கோடன் கையை நீட்டித் தடுத்தான்.

உள்ளே கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குச்சியை இழுத்தால் மட்டும் ஃபோர் வீல் ஆகிவிடாது என்பது அவனுக்குத் தெரியும். முன்பு இந்த வண்டி அப்பாஸ் அலியிடம் இருந்தது. பள்ளம் வரும் முன்பே அவர் கைலியை மடித்துக் கட்டி இறங்குவார். முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ள வட்டத் திருகைத் திருப்பிப் பூட்டுவார். பூட்டினால்தான் இஞ்சினின் இழுப்பு அந்தச் சக்கரத்துக்குப் போகும். தார் ரோடு வந்ததும் குச்சியை எடுத்துவிட்டு, திருகையும் திறந்துவிடுவார். இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் வண்டி முறுக்கும், பல்சக்கரம் தேயும். ஆறு வருடத்தில் ஒரு நாளும் அவர் யாரையும் தள்ளச் சொன்னதில்லை.

சதீஷ்குமாரின் அப்பா வண்டியை வாங்கி, அது மகன் கைக்கு வந்ததும், அவன் ஆயுத பூஜைக்கு அந்தத் திருகுகளின் மேல் கனமாக மஞ்சள் பெயிண்ட் அடித்து, நடுவில் சிவப்புப் பொட்டும் வைத்தான். ராசியான வண்டி, பொட்டைத் தொடாதே என்றான். செங்கோடன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். மூட்டை தூக்குகிறவனுக்கு வண்டியைப் பற்றிப் பேச்செதற்கு என்று பதில் வந்தது.

இன்று அவன் யாரையும் கேட்கவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்துப் பொட்டைச் சுரண்டினான்.

"ஏய், சாமி பொட்டுப்பா அது" என்று சதீஷ்குமார் சீட்டிலிருந்து கத்தினான்.

"சாமிக்கு என் மச்சினன் காலு வேணுமுன்னு கேட்டுச்சுங்களா?"

பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. வலதுபக்கத் திருகு ஒரே திருப்பில் பூட்டிக்கொண்டது. இடதுபக்கம் இறுகிப் போயிருந்தது. துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து, உள்ளங்கைத் தோல் உரியத் திருப்பினான். டக்கென்று பூட்டியது. எழுந்து, குச்சியைப் போட்டு மெதுவாக ஏற்றச் சொன்னான்.

நாலு சக்கரமும் தரையை இறுகப் பற்றின. ஒரு ஆள் கை வைக்கவில்லை. ஜீப் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறி நின்றது.

ஏறியதைப் பார்த்ததும்தான் செங்கோடனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏறாமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இரண்டே திருப்பு. சட்டையில் சேறு படுமே என்று ஒருத்தன் இறங்காததற்கு மூன்று விரல்.

சதீஷ்குமார் சிரித்தபடி, நேரமாச்சு, எல்லாரும் ஏறுங்க என்றான். செங்கோடன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு இஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டான்.

"ஏனுங்க தம்பி, இன்னைக்கு லோடு போகாதுங்க. ஊர்க்கவுண்டரு வரட்டும். அவரு முன்னால இதே பள்ளத்துல ஒருக்கா பூட்டாம ஓட்டுங்க, ஒருக்கா பூட்டி ஓட்டுங்க. அப்புறமா எவன் குடிச்சிருந்தான்னு பேசிக்கலாம்."

கீழே லாரி காத்திருக்கிறது, அப்பா கொன்றுவிடுவார் என்று சதீஷ்குமார் மற்ற மூவரையும் பார்த்தான். அவர்களில் ஒருத்தன் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஊர்க்கவுண்டர் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினான். மற்ற இருவரும் பள்ளத்தின் ஓரமாகக் குந்தினார்கள்.