தங்கை இன்னும் அந்தரத்தில்: வேக்போர்டு ஓர் அறிமுகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வேண்டியதே இல்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டது ஒரு கட்டுரை. "வேக்போர்டுன்னா என்ன, எப்படி நிக்கணும், என்னென்ன வித்தை இருக்கு. அவ்வளவுதான் சார். தயவுசெஞ்சு உங்க குடும்பத்தை இழுக்காதீங்க" என்றார்.

இழுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "விசைப்படகில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பலகைமேல் பக்கவாட்டில் நின்று, படகு எழுப்பும் அலையில்..."

(எனக்கே தூக்கம் வருகிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: என் தங்கை ஏரியில் மல்லாந்து மிதக்கிறாள். பாதங்கள் பலகையோடு பூட்டியிருக்கின்றன. முழங்கால் நெஞ்சருகே, கைகள் நீட்டியபடி. புதிதாக வருபவர்கள் படகு கிளம்பியதும் பதறி எழப் பார்ப்பார்கள். எழக் கூடாது. படகே எழுப்பும். இதைக் கேளாமல் அவசரக்குடுக்கையாக எழுந்த நான், ஏரியில் பாதியைக் குடித்துவிட்டுத்தான் கரையேறினேன்.

3

எந்தக் கால் முன்னால்? இடது என்றால் வழக்கமான நிலை, வலது என்றால் 'கூஃபி'. தெரியாதவரைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளுவார்கள். தடுமாறி எந்தக் காலை முதலில் வைக்கிறாரோ, பெரும்பாலும் அதுதான் முன்கால். (என் தங்கையை அப்படித் தள்ளிய ஆள்தான் பிறகு எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆனார். ஆசிரியர் இதை வெட்டிவிடுவார்.)

குதிகால் பக்கம் சாய்ந்தும் அலையை வெட்டலாம், கால்விரல் பக்கம் சாய்ந்தும் வெட்டலாம். பலகையைத் துள்ளவைத்தால் 'ஆலி'. அந்தரத்தில் அதைக் கையால் பிடித்தால் 'கிராப்'. அரைவட்டம் திரும்பி இறங்கினால் 'ஒன் எய்ட்டி'. பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டால் 'டேன்ட்ரம்'. இடுப்பில் இருக்கும் குழந்தை அடம்பிடித்துப் பின்னால் சாயுமே, அந்த மாதிரி. அதில்தான் தங்கையின் முழங்கால் போனது.

4

மாப்பிள்ளையை எப்படி எழுதுவது என்று தெரியாமல் முழித்தேன். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். சத்தம் கொஞ்சம் மாறினாலும் உடனே நிறுத்து என்பதுதான் அவர் பிழைப்பு. போன வருடம் படகை ஓட்டியபோது, தங்கை தாவியதும் திரும்பிப் பார்த்தார். பயந்தார். கை தானாக வேகத்தைக் குறைத்தது. கயிறு தளர்ந்தது, அவள் தாறுமாறாக விழுந்தாள்.

(அன்பில் செய்த தப்பு என்று எழுதினேன். அசடு வழிகிறது என்று அடித்தேன். ஆனால் அதுதான் உண்மை.)

முழங்கால் தசைநார் இன்னொரு தடவை கிழிந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இவளோ அதே வித்தையை, அதே ஆள் ஓட்டத்தான் செய்வேன் என்கிறாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. வேற யாரையாவது ஓட்டச் சொல்லேன்."

"இருக்கட்டும். வேகம் மட்டும் குறையக் கூடாது. திரும்பிப் பாத்தீங்க, வீட்டுக்கு நடந்தே வாங்க!"

5

ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும். பின்னால் நடப்பதை அவருக்குச் சொல்ல, பின்பக்கம் பார்த்து ஒருவர் உட்கார வேண்டும். மாப்பிள்ளை ஓட்ட, நான் அப்படி உட்கார்ந்தேன்.

தங்கை அலையை விட்டு விலகிப் போனாள். குதிகாலில் சாய்ந்து அலையை நோக்கி வந்தாள். அலையின் முகட்டில் ஏறி...

அம்மாடி!

இங்கே மூன்று உவமை எழுதி மூன்றையும் அடித்தேன். என் தங்கை ஏரிக்கு மேலே தலைகீழாக இருந்தாள். பலகையின் ஈர அடிப்பாகம் வானத்தைப் பார்த்தது. சின்ன வயதில் ஊஞ்சலைக் கொஞ்சம் வேகமாக ஆட்டினாலே அழுது ஊரைக் கூட்டியவள் இவள்தான். எனக்கு மெய்சிலிர்த்துக் கண் கலங்கிவிட்டது.

எஞ்சின் சத்தம் மாறவே இல்லை. கயிறு விறைப்பாகவே இருந்தது.

6

முடிவு அ: தண்ணீரில் சரியாக இறங்கி நின்றாள், இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள்.

முடிவு ஆ: (எழுத எனக்கு மனசு வரவில்லை.)

இரண்டையும் தள்ளி வைத்துவிட்டேன். நான் சொல்ல வந்தது இந்தக் கயிற்றின் முன்முனையில், படகுக்குள்ளேயே, ஏற்கெனவே நடந்துவிட்டது. மாப்பிள்ளை திரும்பவில்லை. பிடரியெல்லாம் வியர்வை வழிய, ஏரியையே முறைத்துக்கொண்டு கத்துகிறார்:

"மச்சான்! என்ன ஆச்சு? சொல்லுங்க மச்சான்!"

என் வாய் பிளந்தபடி நிற்கிறது, சத்தம் வரவில்லை. நீங்களும் என் பக்கத்தில் பின்னால் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? பாவம் மனுஷர், தவிக்கிறார். நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கள்.